அப்பா வைத்த கடைப் பெயருக்கு சித்தப்பா மகனிடமிருந்து நோட்டீஸ்

பெங்களூரு அல்சூரில் காபித்தூள் கடை நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார்: 1994-ல் அப்பா தொடங்கிய கடை. அங்கே தொழில் கற்றுக்கொண்டு போன சித்தப்பா மகன், 2022-ல் கடைப் பெயரைத் தன் பெயரில் டிரேட்மார்க் பதிவு செய்துவிட்டு, இப்போது போர்டை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நானும் உடனே ஒரு விண்ணப்பம் போட்டுவிடட்டுமா?

போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். சோறு போட்டு வளர்த்தது, துரோகம் எல்லாம் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வலி புரிகிறது, ஆனால் கோர்ட்டில் அதற்கு வேலை இல்லை. அவர் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியதற்கும் பதிவுக்கு விண்ணப்பித்ததற்கும் முன்பிருந்தே நீங்கள் இடைவிடாமல் விற்றதற்குக் காகிதம் இருக்கிறதா, அதுதான் கேள்வி. இருந்தால் 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 34-வது பிரிவு உங்கள் பக்கம். பதிவைவிட முன்பயன்பாடே மேல் என்று திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

என் கட்சிக்காரர்கள் விழுந்த பள்ளம் வேறு. 2017 டிரேட்மார்க் விதிகளில் 74 படிவங்கள் 8 ஆகி, தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய் என்றானபின், நோட்டீஸ் வந்த ராத்திரியே ஏஜென்டைப் பிடித்து விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறோம் என்பதற்குப் பழைய தேதி போட்டால் ஆதாரத்தோடு பிரமாணப் பத்திரம் வேண்டும் என்பதால், ஏஜென்ட் 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று குறித்துவிடுவார். முப்பது வருடக் கடையின் வழக்கைக் கெடுக்க அந்த ஒரு வரி போதும், குறுக்கு விசாரணையில் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். இல்லையென்றால் 1994 என்று சத்தியம் செய்துவிட்டு, கையில் 2009-க்குப் பிந்தைய பில் மட்டும் வைத்திருப்பார்கள். அது இன்னும் மோசம்.

அதனால் முதலில் பரணில் ஏறுங்கள். மை மங்கிய கார்பன் பில் புத்தகம், பெயர் அச்சடித்த பழைய பை, வாட் காலத்து ரிட்டர்ன், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. 'சித்தப்பாவும் கொஞ்சம் பணம் போட்டார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் பயம். அவர் பங்குதாரர் என்று ஆகிவிட்டால் அதே பில் புத்தகம் அவர் மகனுக்கும் சாட்சி. டிரேட்மார்க் தகராறுகளைக் கேட்டுவந்த மேல்முறையீட்டு வாரியத்தை 2021-ல் கலைத்துவிட்டார்கள், வழக்கு வந்தபின் பதிவை ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், செலவும் வருடங்களும் அதற்கேற்ப ஆகும். சித்தப்பாவைப் பங்குதாரர் என்று காட்டும் பத்திரம் ஏதாவது இருந்தால், சண்டை வேண்டாம், சமரசம் பேசுங்கள். யார் எந்த ஊரில் விற்பது, பாக்கெட்டில் பெயரோடு யார் எந்த அடைமொழி சேர்ப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை நோட்டீஸுக்கு நீங்களாகப் பதில் எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில்கூட.