பாரிஸ் விமான நிலையத்திலிருந்து டிஸ்னிலேண்டுக்கு எதில் போவது?

பாரிஸ் டிஸ்னிலேண்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஹோட்டலையும் நுழைவுச் சீட்டையும் மாதக்கணக்கில் அலசிப் பார்த்து எடுக்கிறார்கள். விமானம் இறங்கிய பிறகு அங்கே எப்படிப் போவது என்பது மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அப்படி வந்த கேள்விகளில் சில இங்கே. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஷார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் டிஸ்னிக்குப் பத்தே நிமிடம் என்கிறார்கள். மதியம் 1.40-க்கு இறங்குகிறோம். மூன்று மணி வண்டிக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடலாமா? நாங்கள் நான்கு பேர், இரண்டு பிள்ளைகள். (கோயம்புத்தூர்)

வேண்டாம். பத்து நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ரயில் விமான நிலையத்துக்கும் டிஸ்னிக்கும் நடுவே போய்வருகிற வண்டி இல்லை. லீல் பக்கமிருந்து வந்து லியோன், மார்செய் என்று தெற்கே போகிற நெடுந்தூர வண்டி. போகிற வழியில் விமான நிலையத்திலும், அடுத்து டிஸ்னி வாசலில் இருக்கும் மார்ன் லா வாலே ஷெஸி நிலையத்திலும் நிற்கிறது. அதனால்தான் நேரம் ஒழுங்காக இருக்காது. சில சமயம் அரை மணியில் அடுத்த வண்டி இருக்கும், சில சமயம் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும். முன்கூட்டி எடுக்கிற மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். விமானம் தாமதம் என்று சொல்லி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள முடியாது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 1.40-க்குச் சக்கரம் தரையைத் தொடுகிறது. கதவு திறந்து, நடந்து, குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை நுழைகிறவர்களுக்கு அதில் நேரம் பிடிக்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை, படம் மட்டும் எடுப்பார்கள். அப்புறம் பெட்டிகள் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ரயில் நிலையம். அது டெர்மினல் 2-இல், ஒரு பக்கம் 2சி, 2டி, மறு பக்கம் 2இ, 2எஃப் என்று நடுவில் இருக்கிறது. நீங்கள் டெர்மினல் 1-இல் இறங்கினால் சிடிஜிவால் என்ற இலவசக் குட்டி ரயிலைப் பிடித்து அங்கே வர வேண்டும். வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். இத்தனையும் எண்பது நிமிடத்துக்குள் முடிந்தால் அது அதிர்ஷ்டம்.

டிஜிவிதான் வேண்டும் என்றால், இறங்கும் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரமாவது தள்ளிக் கிளம்பும் வண்டியாக எடுங்கள். அல்லது டிக்கெட்டே எடுக்காமல் போய், நிலையத்துப் பலகையைப் பார்த்து, பக்கத்தில் வண்டி இருந்தால் அங்கேயே வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். இல்லையென்றால் டாக்ஸிக்குத் திரும்பிவிடலாம். ஊய்கோ என்ற மலிவு டிஜிவியில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், வந்திறங்கும் நாளில் நேரம் உங்கள் கையில் இல்லை. அன்றைக்கு உங்களுக்காகக் காத்திருக்கிற காரே சரி. டிஜிவியைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஹோட்டலிலிருந்து எப்போது கிளம்புவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள், மலிவு டிக்கெட்டை நம்பி எடுக்கலாம்.

டாக்ஸிக்கு 56 யூரோதான், நிலையான கட்டணம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதை நம்பி வரலாமா? மூன்று வயதுக் குழந்தைக்குத் தனி இருக்கை கேட்பார்களா? (மதுரை)

அந்தக் கட்டணம் பாரிஸ் நகரத்துக்கு. ஷார்ல் த கோலிலிருந்து சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ என்பது 2025 நிலவரம். டிஸ்னிலேண்ட் நகரத்துக்குள் இல்லை. விமான நிலையத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அங்கே போக மீட்டர் ஓடும். நூறு யூரோவை ஒட்டி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மீட்டர் வேகமாக ஏறும்.

முன்பதிவு செய்கிற தனியார் கார் என்றால் தொகை முன்பே தெரிந்துவிடும். ஓட்டுநர் உங்கள் விமான எண்ணைப் பார்த்து வருவார். நான்கு பேருக்குப் பெரிய பெட்டிகளோடு இதுதான் நிம்மதி. பதிவு செய்யும்போது பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நான்கு பேர் ஏறுகிற காரில் நான்கு பெரிய பெட்டிகள் ஏறாது.

குழந்தை இருக்கை: பிரான்சில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் காரில் தகுந்த இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்து நெடுஞ்சாலையில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பதிவுக் காரில் குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லி இருக்கை கேளுங்கள், வைத்துத் தருவார்கள்.

இன்னொன்று. வெளியே வரும் கூடத்தில் "டாக்ஸி, டாக்ஸி" என்று பக்கத்தில் வந்து கேட்பவர்களோடு போகாதீர்கள். உரிமம் பெற்ற டாக்ஸிக்காரர்கள் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை. வெளியே டாக்ஸி என்று பலகை போட்ட வரிசையில்தான் நிற்பார்கள்.

செலவைக் குறைக்க ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலில் போகலாம் என்று மகன் சொல்கிறான். எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. சிரமமாக இருக்குமா? (சென்னை)

உங்கள் மகன் சொல்வது மலிவான வழிதான். ஆர்இஆர் பி வண்டியில் பாரிஸின் நடுவே ஷாத்லே லே ஆல் வரை வந்து, அங்கே ஆர்இஆர் ஏ வண்டிக்கு மாறிக் கடைசி நிலையமான ஷெஸியில் இறங்குவது. விமான நிலையப் பயணச்சீட்டை 2025 ஜனவரியில் 13 யூரோ என்று ஒரே கட்டணமாக்கினார்கள். ஜனவரிதோறும் கொஞ்சம் ஏறும். அந்த ஒரே சீட்டில் ஷெஸி வரை போய்விடலாம். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், நான்கிலிருந்து ஒன்பது வயது வரை பாதி.

ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். தென்கிழக்கே போக வேண்டியவர்கள் தென்மேற்கே பாரிஸுக்குள் போய், மறுபடி கிழக்கே திரும்பி வருகிறீர்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். மாறும் இடம் பூமிக்கடியில், நாள் முழுக்க நெரிசல். பிக்பாக்கெட்காரர்கள் புழங்குகிற இடமும் அதுதான். ஆர்இஆர் ஏ வண்டிகள் எல்லாம் இரண்டு அடுக்கு. உள்ளே வந்ததும் படி ஏறியோ இறங்கியோ போனால்தான் பெரும்பாலான இருக்கைகள். பெட்டியோடு வருகிறவர்கள் கதவுப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். முழங்கால் வலியோடும், ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த களைப்போடும் இது வேண்டாம் அம்மா. மகனிடம் கார் பதிவு செய்யச் சொல்லுங்கள். தோளில் ஒரு பையோடு வருகிற இரண்டு இளைஞர்கள் என்றால் இதே வழியைத் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

மகனுக்கு ஒரு குறிப்பு. ஆர்இஆர் ஏ கிழக்கே போகும்போது வேன்சேன் நிலையத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரியும். ஒன்று பொவாசி சேன் லெஜே பக்கம் போகும், இன்னொன்று ஷெஸி. ஷெஸி பக்கம் போகிற வண்டிகளிலும் சில தோர்சியிலேயே முடிந்துவிடும். நடைமேடையில் தொங்கும் பலகையில் நிலையங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், அடுத்த வண்டி நிற்கும் நிலையங்களுக்கு நேரே மட்டும் விளக்கு எரியும். ஷெஸிக்கு நேரே எரிந்தால்தான் ஏற வேண்டும்.

நாங்கள் இறங்குவது ஓர்லி விமான நிலையம். அங்கிருந்தும் டிஜிவி உண்டா? (பெங்களூரு)

இல்லை. ஆனால் 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 ஓர்லி வரை நீண்டிருக்கிறது. அதில் கார் தெ லியோன் ரயில் நிலையம் வந்து ஆர்இஆர் ஏ பிடித்தால் ஒரே ஒரு மாற்றல்தான். ஷாத்லேயிலும் மாறலாம், ஆனால் கார் தெ லியோன் நெரிசல் குறைவு. காரில் போனால் தூரம் ஷார்ல் த கோலுக்கு ஏறக்குறைய சமம்.

மேஜிக்கல் ஷட்டில் பஸ் எப்படி? நாங்கள் இருவர், பகலில் இறங்குகிறோம். (திருச்சி)

நல்ல பஸ். இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் புறப்பட்டு டிஸ்னி ஹோட்டல்களின் வாசலிலேயே இறக்கிவிடும். ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல் ஆகும். ஒருவர், இருவர் என்றால் டாக்ஸியைவிட மிச்சம். நான்கு பேர் ஆகும்போது முன்பதிவுக் காரின் விலையை நெருங்கிவிடும், பஸ்ஸுக்காகக் காத்திருக்கவும் வேண்டும். நீங்கள் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள், பகலில் இறங்குகிறீர்கள். தாராளமாக எடுங்கள்.

இரவு 11.20-க்கு இறங்குகிறோம். அந்நேரத்துக்கு என்ன கிடைக்கும்? (சிங்கப்பூர்)

பெட்டியோடு வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிடும். ஷட்டில் பஸ், டிஜிவி இரண்டும் இல்லை. ஆர்இஆரின் கடைசி வண்டியும் அதற்குள் போயிருக்கும். மிச்சம் இருப்பது கார் மட்டும்தான். அதை ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள்.

அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. அன்றிரவு விமான நிலையத்து ஹோட்டல் ஒன்றில் தூங்கிவிடுங்கள். சிடிஜிவால் நிற்கும் ருவாசிபோல் பகுதியில் பல விலையிலும் ஹோட்டல்கள் இருக்கின்றன. டிஸ்னி ஹோட்டலின் முதல் இரவை விட்டுவிடுவதில் மிச்சமாகும் பணம் கணிசமானது. மறுநாள் காலை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு டிஜிவியில் பத்து நிமிடத்தில் போய் இறங்கலாம். பிள்ளைகளும் தெளிவாக இருப்பார்கள். அந்த ரயிலை வரும்போது எடுக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்.

பெரியப்பா வீடு பாரிஸ் நகரத்து லாச்சப்பலில். முதலில் அங்கே தங்கிவிட்டு டிஸ்னிக்குப் போகப் போகிறோம். டாக்ஸி பிடிக்க வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

தேவையே இல்லை. விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி நேரே கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வரும், லாச்சப்பல் அங்கிருந்து நடக்கிற தூரம். டிஸ்னிக்குப் போகும் நாளில் எல்லோரும் ஷாத்லே போய் மாறச் சொல்வார்கள். அதற்குப் பதில் கார் து நோரோடு பூமிக்கடியில் இணைந்திருக்கும் மஜாந்தா நிலையத்தில் ஆர்இஆர் இ வண்டி ஏறுங்கள். தூர்னான் பக்கம் போகிற வண்டியாக இருக்க வேண்டும், ஷெல் பக்கம் போவது உதவாது. வால் தெ ஃபோந்தனேயில் இறங்கி ஆர்இஆர் ஏக்கு மாறினால் ஷெஸி. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஷாத்லே நெரிசலில் நடக்க வேண்டியதில்லை. நகரத்திலிருந்து ஷெஸிக்கு சாதாரண ரயில் சீட்டே போதும், 2025-இல் 2.50 யூரோ. ஷெஸியில் வெளியே வரவும் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டை ஏற்றிக்கொள்ளும் அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது.

பாரிஸ் ரயில், பஸ்ஸுக்கான நவிகோ வார அட்டை லாபமா? (ஈரோடு)

திங்களோ செவ்வாயோ வந்து அந்த வாரம் முழுக்கப் பாரிஸையும் சுற்றுவதாக இருந்தால் நல்ல லாபம். விமான நிலையம், டிஸ்னி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை, திங்கள் முதல் ஞாயிறு வரை. வெள்ளிக்கிழமை வருகிறவர் வாங்கினால் அடுத்த திங்களுக்குத்தான் செல்லும். பாஸ்போர்ட் அளவைவிடச் சிறிய புகைப்படம் ஒன்றும் வேண்டும், ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.

லண்டனிலிருந்து டிஸ்னி வாசலுக்கே நேர் ரயில் இருந்ததே? (ஹாரோ)

2023 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். இப்போது லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து யூரோஸ்டாரில் லீல் வந்து, அங்கிருந்து டிஜிவியில் ஷெஸிக்குப் போகலாம். பாரிஸுக்குள் நுழையவே வேண்டாம். பெட்டிகளோடு விமானத்தில் வருவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

வாடகைக் கார் எடுக்கலாமா? (கோலாலம்பூர்)

டிஸ்னிக்கு மட்டும் என்றால் வேண்டாம், கார் நிறுத்தத்தில் சும்மா நிற்கும். டேவி கிராக்கெட் ராஞ்ச் மரவீடுகளில் தங்குகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்ற டிஸ்னி ஹோட்டல்களுக்கு ஷெஸியிலிருந்து இலவசப் பஸ் ஓடுகிறது, அல்லது நடந்தே போகலாம். ராஞ்சுக்குப் பஸ் கிடையாது.

கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், விமானமோ இரவு 9.30-க்கு. பெட்டிகளை என்ன செய்வது, எத்தனை மணிக்குக் கிளம்புவது? (திருநெல்வேலி)

டிஸ்னி ஹோட்டல் என்றால் காலி செய்த பிறகும் பெட்டிகளை வரவேற்பறைப் பக்கம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் பூங்காவுக்குப் போய்வரலாம். வெளி ஹோட்டல் என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஷெஸி நிலையத்தில் கட்டணத்துக்குப் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது. நான்கரை, ஐந்து மணி வாக்கில் ஷெஸியில் கிளம்பும் டிஜிவியாகப் பார்த்து முன்பே எடுத்துவிடுங்கள். பெட்டிகளோடு அரை மணி முன்னதாக நிலையத்துக்கு வந்துவிடுங்கள், நடைமேடை எண்ணைக் கடைசி நேரத்தில்தான் போடுவார்கள். பத்து நிமிடத்தில் விமான நிலையம் வந்துவிடும், பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். வண்டி அங்கே சில நிமிடம்தான் நிற்கும், ஷெஸி கிளம்பியதுமே பெட்டிகளைக் கதவுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.