பழைய கோர்க் எம்1 கீபோர்டு வாங்கலாமுங்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோபிசெட்டிபாளையம்: பக்கத்து ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருத்தர் தன் பழைய எம்1-ஐ விற்கிறாருங்க. ஸ்டைல் போட்டு வாசிக்க நல்லா இருக்குமுங்களா?

இதில் ஸ்டைலே கிடையாதுங்க. இடது கையில் கார்டு பிடித்தால் தாளமும் பேஸும் தானாக ஓடும் கருவி வேறு. இது 1988இல் வந்த வொர்க்ஸ்டேஷன். டோன், டிரம்ஸ், எஃபெக்ட், 8 டிராக் சீக்வென்சர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு டிராக்கையும் நீங்களேதான் வாசித்துப் பதிய வேண்டும். ரிசப்ஷனில் ஒற்றை ஆளாக வாசிப்பவர் என்றால் இதை வாங்காதீர்கள். ரிதம் பேடு, தபேலா, பேஸ் கிடார் என்று கூட ஆள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

ஈரோடு: எம்1-இன் பியானோ டோனை ஒருத்தர் ஆகா ஓகோ என்கிறார், இன்னொருத்தர் தகர டப்பா என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்கிறார்கள். கேட்ட இடம்தான் வேறு.

எம்1-க்குள் இருக்கும் மொத்த ஒலிப்பதிவும் 4 எம்பி. பியானோ, சாக்ஸ், புல்லாங்குழல், குரல், டிரம்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். அதனால் பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் தனிப் பதிவு கிடையாது. ஒரு பதிவையே பல கட்டைகளுக்கு ஏற்றி இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். நீளும் நாதம் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்பச் சுழல்வதுதான். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அடியில் இருப்பது அதே பதிவு. சத்தமும் பளிச்சென்ற தன்மையும் மட்டும் மாறும். வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி ஒற்றை ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக் கேட்டால், அசல் பியானோ பழகிய காது உடனே இதைக் கண்டுபிடித்துவிடும்.

அதையே பங்குனிப் பொங்கல் மேடையில் கேளுங்கள். குழாய் ஸ்பீக்கரில் பேடும் டோலக்கும் அதிரும்போது, மென்மையாகப் பதிந்த இன்றைய பியானோ டோன் பாதி காணாமல் போகும். எம்1-இன் அந்தக் கூர்மையான முதல் அடி மட்டும் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய்ச் சேரும். மேல்நாட்டு நடன இசைக்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' பாட்டின் ரீமிக்ஸில் உலகமே கேட்ட அந்த ஆர்கன், எம்1-இல் கம்பெனியே போட்டுக் கொடுத்த 'ஆர்கன் 2' டோன்தான். தனி ஆவர்த்தனத்துக்கு இந்தப் பியானோ வேண்டாம். கூட்டத்தோடு வாசிக்க இதற்கு ஈடாக நான் இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

பொள்ளாச்சி: சர்ச்சில் பெடல் மிதித்து வாசித்தால் முந்தைய ஸ்வரங்கள் பட்டென்று அறுந்துவிடுகின்றன. கருவி ரிப்பேரா?

ரிப்பேர் இல்லைங்க. எம்1-இல் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியது 16 குரல்கள்தான். இரண்டு ஆஸிலேட்டர் (சத்தம் எழுப்பும் பகுதி) உள்ள டோன் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு குரலை எடுக்கும், அப்போது 8 ஸ்வரம்தான் கிடைக்கும். அப்படி இரண்டு டோன்களை, டோன்களைச் சேர்த்து வாசிக்கும் காம்பியில் அடுக்கினால் 4 ஸ்வரம்தான் கைக்கு வரும். வலது கையில் மூன்று ஸ்வரக் கார்டு, இடது கையில் ஒரு பேஸ், அவ்வளவுதான். அடுத்த கட்டையைத் தொட்டால் பழையது போய்விடும். கீர்த்தனைக்கு ஒற்றை ஆஸிலேட்டர் ஸ்ட்ரிங்ஸ் டோனை எடுத்து, பெடலைக் கார்டுக்குக் கார்டு விட்டு மிதியுங்கள்.

தாராபுரம்: திரையில் பேட்டரி குறைவு என்று வருகிறது. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டவே கூடாது. மற்ற எல்லாக் கேள்வியையும்விட எனக்கு இதில்தான் பதற்றம். எம்1-இன் டோன்கள், கம்பெனி கொடுத்தவை உட்பட, உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. அது செத்தால் டோன் பெயர்களே கிறுக்கலாகிவிடும். ஒலிப்பதிவுகள் நிரந்தரச் சிப்பில் இருப்பதால் அவை போகாது. ஆனால் முன்பு வாசித்தவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய டோன்கள் போனால் போனதுதான்.

எம்1-இல் டோன்களைச் சேமித்து வைக்க ஃபிளாப்பி டிஸ்க்கும் கிடையாது (அடுத்து வந்த டி வரிசையில்தான் அது வந்தது). அதனால் முதலில் குளோபல் என்ற அமைப்புப் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் மிடி (இசைக்கருவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் வழி) வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிச் சேமியுங்கள். மலிவான மிடி கேபிள்கள் பெரிய தரவை நடுவில் முழுங்கிவிடும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிறகு பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பல கருவிகளில் அது போர்டோடு ஈயம் வைத்துப் பற்றியிருக்கும். மாற்றும்போதே கழற்றி மாட்டும் ஹோல்டர் வைக்கச் சொன்னால் அடுத்த முறை கஷ்டமில்லை. திரும்ப ஏற்றும் முன் மெமரி புரொடெக்ட் என்ற அழியாமல் காக்கும் பூட்டை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கருவி எதையும் வாங்கிக்கொள்ளாது.

திருப்பூர்: சில கட்டைகள் ஊமை, சில கட்டைகள் தொட்டாலே அலறுகின்றன.

உங்கள் ஊர்ப் பஞ்சு உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் உண்டு. இரண்டும் தொடும் நேர இடைவெளியை வைத்துத்தான் அடியின் வேகம் கணக்காகிறது. ஒன்றில் அழுக்கு சேர்ந்தாலே கணக்கு தப்பிவிடும். ரப்பர் பட்டையைக் கழற்றி, நார் விடாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் கரிப்பூச்சு போய்விடும். எண்ணெய் ஸ்பிரே பக்கமே போகாதீர்கள். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள்.

கரூர்: ஜப்பானிலிருந்து வந்த பீஸ் ஒன்று கிடைக்கிறது. எடுக்கலாமா?

பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது, பாருங்கள். ஜப்பான் கருவி 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் பவர் சப்ளை கருகிவிடும். 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து விலை பேசுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் ஸ்டெபிலைசரும் வேண்டும்.

கோவை: எம்1 சத்தத்தையே தரும் கம்ப்யூட்டர் மென்பொருள் (பிளக்-இன்) இருக்கும்போது அசல் கருவி எதற்கு?

பதிவுக்கூடத்தில் மட்டும் வேலை என்றால் பிளக்-இன் போதும். கோர்க்கே 2005இல் கொண்டுவந்தது அது. அசலில் இல்லாத ரெசொனன்ஸ்கூட (ஒலியைக் கூர்மையாக்கும் வசதி) அதன் ஃபில்டரில் உண்டு, பேட்டரிக் கவலையும் இல்லை. அசலில் கிடைப்பது கட்டையின் தொடுகையும் அந்த ஜாய்ஸ்டிக்கும். ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டை இரண்டு ஸ்வரத்துக்கு வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் அசைத்தபடி, அழுத்திய கட்டையையே இன்னும் கொஞ்சம் அழுத்தி ஆஃப்டர்டச்சில் அசைவு சேர்த்தால், புல்லாங்குழல் டோனில் கமகம் ஓரளவு பிடிக்கலாம். மேடையில் மெலடி வாசிக்கிறவராக இருந்தால் அசலையே தேடுங்கள்.