கன்ஸ்ட்ரக்டர் கேள்விகள்: நகல் எடுத்தால் ஏன் நொறுங்குகிறது?

கேள்வி: சி++-இல் ‘நபர்’ என்ற கிளாஸில், வயதை வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று சேர்த்தேன். அதுவரை ஒழுங்காக இருந்த ‘நபர் அ;’ என்ற வரி இப்போது கம்பைல் ஆகவில்லையே?

கன்ஸ்ட்ரக்டர் என்பது ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் ஃபங்ஷன். நீங்களாக ஒன்று எழுதியதும், கம்பைலர் சும்மா தந்துகொண்டிருந்த, எதையும் வாங்காத டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் போய்விடும். ‘நபர்() = டீஃபால்ட்;’ என்று கேட்டு வாங்கலாம். ஆனால் அப்படி உருவாகும் நபரின் வயதில் குப்பை மதிப்புதான் கிடக்கும். கிளாஸுக்குள்ளேயே ‘வயது = 0’ என்று போட்டு வையுங்கள்.

கேள்வி: ‘நபர் அ();’ என்று உருவாக்கினேன். அடுத்த வரியில் ‘அ.வயது’ என்றால் பிழை காட்டுகிறது.

நீங்கள் எதையும் உருவாக்கவில்லை. ‘அ’ என்ற பெயரில், நபரைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை அறிவித்திருக்கிறீர்கள். அடைப்பை எடுத்துவிடுங்கள், அல்லது ‘அ{}’ என்று எழுதுங்கள். இந்த வரிக்கு இன்றைய கம்பைலர்கள் வார்னிங் தருகின்றன. வார்னிங்கைப் படியுங்கள்.

கேள்வி: ஜாவா. கன்ஸ்ட்ரக்டர் எழுதியும் அது ஓடவே இல்லை.

முன்னால் ‘வாய்டு’ (எதையும் திருப்பித் தராது என்ற குறிப்பு) போட்டிருக்கிறீர்கள். கிளாஸின் பெயரையே வைத்தாலும் அது சாதாரண மெத்தட்.

கேள்வி: காப்பி எடுத்து மாற்றினால் பழையதும் மாறுகிறது!!! அவசரம்!!!

எந்த மொழி? கோட் எங்கே? ஆறு ஆச்சரியக்குறிக்குச் செலவழித்த நேரத்தில் நாலு வரி கோடை ஒட்டியிருக்கலாம். ஜாவா அல்லது பைத்தான் என்று ஊகிக்கிறேன். அங்கே ‘ஆ = அ’ என்பது நகல் எடுக்காது; இருக்கிற ஆப்ஜெக்டுக்கு இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான். பைத்தானில் ‘காப்பி’ மேலோட்டமாக எடுக்கும். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் உள்ளே இருப்பது இரண்டுக்கும் பொது. அடிவரை வேண்டுமென்றால் ‘டீப்காப்பி’. ஜாவாவில் நகலெடுக்கும் ‘குளோன்’ மெத்தட் பக்கமே நான் போவதில்லை. அதே கிளாஸின் ஆப்ஜெக்டை வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று எழுதிவிடுவேன்.

கேள்வி: சி++. பெயரை கேரக்டர் பாயிண்டரில் (எழுத்துகள் இருக்கும் மெமரி முகவரியில்) வைத்திருக்கிறேன். கன்ஸ்ட்ரக்டரில் மெமரி கேட்கும் நியூ, ஆப்ஜெக்ட் முடியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரில் அதை விடுவிக்கும் டெலிட், எல்லாம் சரி. அச்சிடு(அ) என்று அழைத்தால் பெயர் சரியாக வருகிறது, புரோகிராம் முடியும்போது க்ராஷ். மெமரி போதவில்லையா?

மெமரியைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு வரும் பத்துக் கடிதத்தில் நாலைந்து இதே கதை.

‘அ’வின் பாயிண்டரில் 5000 என்ற முகவரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அச்சிடு ஃபங்ஷன் ரெஃபரன்ஸாக (அசலையே) வாங்காமல் மதிப்பாக வாங்குகிறது. அதனால் ஒரு நகல் பிறக்கிறது. நகலைக் கட்டும் காப்பி கன்ஸ்ட்ரக்டரை நீங்கள் எழுதவில்லை. கம்பைலர் எழுதித் தந்தது உறுப்புகளை ஒவ்வொன்றாக அப்படியே எடுத்து வைக்கும். ஆக, நகலிலும் அதே 5000. ஃபங்ஷன் முடிந்ததும் நகலின் டிஸ்ட்ரக்டர் ஓடி 5000-ஐ விடுவிக்கிறது. இப்போது ‘அ’ கையில் இருப்பது காலி செய்த வீட்டின் சாவி. மெயின் முடியும்போது ‘அ’வின் டிஸ்ட்ரக்டர் அதே 5000-ஐ மறுபடி டெலிட் செய்கிறது. அங்கேதான் விழுகிறது. சில நாள் விழாமலும் போகும், அது இன்னும் மோசம். ஒருமுறை இதே தவறால் இரண்டு நாள் போனது எனக்கு, அதுவும் நானே எழுதிய கிளாஸில்.

என் ஆத்திரமெல்லாம் பாடம் நடத்தும் முறை மீதுதான். நியூ, டெலிட் இரண்டையும் காட்டி முதல் உதாரணத்தை முடித்துவிடுகிறார்கள். நகல் ‘பிறகு’ வருமாம். டிஸ்ட்ரக்டரில் டெலிட் எழுதினால் காப்பி கன்ஸ்ட்ரக்டர், அசைன்மென்ட் ஆபரேட்டர் (‘=’) இரண்டும் கூடவே வந்தாக வேண்டும். 2011 சி++ தரத்துக்குப் பிறகு, நகலெடுக்காமல் உள்ளே இருப்பதைக் கைமாற்றும் மூவ் ஜோடியும் (கன்ஸ்ட்ரக்டர், அசைன்மென்ட்) சேர்ந்து, டிஸ்ட்ரக்டரோடு மொத்தம் ஐந்து. பாதிப் பேர் காப்பி கன்ஸ்ட்ரக்டரோடு நிறுத்திவிட்டு, ‘ஆ = அ;’ என்ற வரியில் அதே குழியில் விழுகிறார்கள். இந்த விஷயத்தில் வழக்கமான வார்னிங்குகளும் பெரும்பாலும் வாய் திறக்காது.

சரி, உங்களுக்குத் தேவை இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. பாயிண்டரைத் தூக்கிவிட்டு ஸ்ட்ரிங் போடுங்கள். தன்னை எப்படி நகலெடுப்பது, எப்போது விடுவிப்பது என்பது அதற்குத் தெரியும். அப்புறம் அந்த டிஸ்ட்ரக்டரையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: காப்பி கன்ஸ்ட்ரக்டர் ஏன் ரெஃபரன்ஸையே வாங்க வேண்டும்?

மதிப்பாக வாங்க நகல் வேண்டும், நகலுக்குக் காப்பி கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், அதற்கு மறுபடி நகல் வேண்டும். முடிவே இல்லாததால் கம்பைலர் வாசலிலேயே மறித்துவிடும்.

கேள்வி: இனிஷியலைசர் லிஸ்டில் முதலில் நீளம், பிறகு அதைப் பயன்படுத்தி பரப்பு. ஆனாலும் பரப்பில் கண்டபடி எண் வருகிறது.

கன்ஸ்ட்ரக்டரின் தலைப்பில் உறுப்புகளுக்கு முதல் மதிப்பு தரும் அந்த லிஸ்டில் எழுதிய வரிசைக்கு மதிப்பில்லை. கிளாஸில் எது முதலில் அறிவிக்கப்பட்டதோ அதுவே முதலில் நிரப்பப்படும். உங்கள் கிளாஸில் பரப்பு மேலே இருக்கிறது. இதற்கும் வார்னிங் உண்டு. வார்னிங்கைப் படியுங்கள் என்று சொன்னேனா?

கேள்வி: காப்பி கன்ஸ்ட்ரக்டருக்குள் அச்சு வரி போட்டேன். ஃபங்ஷன் ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும்போது அது அச்சாகவே இல்லை. பிழையா?

பிழை இல்லை. நகலைத் தவிர்த்து, போய்ச்சேர வேண்டிய இடத்திலேயே நேராகக் கட்ட கம்பைலருக்கு அனுமதி உண்டு. பெயரில்லாத தற்காலிக ஆப்ஜெக்டைத் திருப்பினால் 2017 தரப்படி அது கட்டாயம். பெயருள்ள உள்ளூர் மாறி என்றால் கம்பைலரின் விருப்பம். கட்டாயம் நடந்தே ஆக வேண்டிய வேலையைக் காப்பி கன்ஸ்ட்ரக்டருக்குள் வைக்காதீர்கள்.