பாத எரிச்சல் மாத்திரை நீர்க்கடுப்பைத் தீர்க்குமா?

கேள்வி: அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறார்கள். வயது 60, சர்க்கரை உண்டு. பாத எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் போடுகிறார்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. இந்த மாத்திரையே பாக்டீரியாவைக் கொல்லும் என்று ஓர் ஆய்வில் படித்தேன். ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக இதையே இரண்டாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது பொய்யில்லை. மனச்சோர்வுக்காக 1961 முதல் விற்பனையில் உள்ள இந்த மருந்தை, கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பல கிருமிகள்மீது சோதித்தார்கள். பலவும் வளராமல் நின்றன. அதற்குத் தேவைப்பட்ட அளவுதான் சிக்கல்: மில்லிலிட்டருக்கு 25 முதல் 200 மைக்ரோகிராம். மனச்சோர்வுக்கு முழு அளவில் சாப்பிடுகிறவர் ரத்தத்திலேயே 0.2 மைக்ரோகிராம் இருந்தால் அதிகம். அம்மாவின் 10 மில்லிகிராமில் அதுவும் வராது. சிறுநீரிலாவது சேருமா என்றால், பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்கு ஏற்றிக்கொண்டே போனால், அதற்கு முன்பே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த மருந்து சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல் செய்யும். சர்க்கரையால் அங்கே நரம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தால், போனது போக மிச்சம் உள்ளேயே தேங்கும். தேங்கிய நீரில் கிருமிக்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்கு, பீடித்தட்டை மடியில் வைத்தால் அன்றைய கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மனசு வராது. தண்ணீர் குடிப்பதும் குறையும். ஆக, நீர்க்கடுப்புக்கு மருந்து என்று நீங்கள் நினைத்தது, அதற்கு ஒரு காரணமாகவே இருக்கலாம்.

அடுத்த முறை கடுப்பு வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீர் கல்ச்சர், அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனிலும் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய தேங்கினால் எரிச்சலுக்கு ப்ரீகாபாலின் போல வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அதுவரை நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம், எந்த டாக்டரிடம் போனாலும் அமிட்ரிப்டிலின் சீட்டைக் காட்டுங்கள். லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இதோடு சேர்ந்தால் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் வேறுவிதமான ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குளிர்காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தால் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.