குவானஹுவாத்தோவில் ஒரு நாள்: கேள்வி பதில்

கேள்வி: மெக்சிகோவின் குவானஹுவாத்தோ நகருக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளிச் சுரங்கங்களை நம்பி மலையிடுக்கில் எழுந்த ஊர் இது. சரிவுக்கு ஏற்றபடி வீடுகள் எழும்பிய போக்கிலேயே சந்துகளும் உருவானதால், அவற்றில் பல வெறும் படிக்கட்டுகள்தாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் என்பதால் ஏறும்போது மூச்சு வாங்கும். பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு நிதானமாக நடப்பதே நல்லது.

கேள்வி: ஊருக்கு அடியிலேயே சாலை ஓடுகிறதாமே, உண்மைதானா ஐயா?

பதில்: உண்மைதான். அது முன்பு ஆறு ஓடிய வழி. 1905-இல் வந்தது உட்பட, அடுத்தடுத்த வெள்ளங்கள் நகரைச் சூறையாடியதால் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். வறண்ட ஆற்றுப்படுகை 1960-களில் வாகனச் சாலையாயிற்று. அதில் இறங்கி நடக்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள்: பழைய கல் வளைவுகளின் மேல் வீடுகள் அமர்ந்திருக்கும், சில இடங்களில் பால்கனிகள் உங்கள் தலைக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஊரை இவ்வளவு தெளிவாகப் புரியவைக்கும் இடம் வேறில்லை என்பேன்.

கேள்வி: குழந்தைகளுடன் வருகிறோம். மம்மி அருங்காட்சியகத்துக்குப் போகலாமா, அல்ஹோந்திகாவுக்கா?

பதில்: அல்ஹோந்திகாவுக்கே செல்லுங்கள். இயற்கையாகவே உலர்ந்துபோன மனித உடல்களை வரிசையாக நிறுத்தியிருப்பது சிறுவர்களுக்கு ஏற்ற காட்சியன்று. அல்ஹோந்திகா ஒரு தானியக் களஞ்சியம். ஸ்பெயினிடமிருந்து விடுதலை கோரி மெக்சிகர்கள் கிளர்ந்தெழுந்த 1810-இல், செப்டம்பர் 28 அன்று ஸ்பானியத் தரப்பினர் அதற்குள் அடைந்துகொண்டபோது, பீப்பிலா என்னும் சுரங்கத் தொழிலாளி முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து சென்று கதவுக்குத் தீ வைத்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மறு ஆண்டு இதால்கோ, அல்யெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய, மரண தண்டனைக்கு உள்ளான நான்கு விடுதலைத் தலைவர்களின் தலைகளும் அக்கட்டடத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிடப்பட்டு, 1821 வரை அங்கேயே இருந்தன. மூலைகளில் அவர்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு உள்ளே சென்றால், மாடிப்படிச் சுவர்களில் சாவேஸ் மொராதோ தீட்டிய ஓவியங்கள் இன்னும் ஆழமாகப் பதியும்.

கேள்வி: நான் சைவம். மதியம் எங்கே சாப்பிடுவது?

பதில்: 1910-இல் திறக்கப்பட்ட இதால்கோ சந்தைக்குச் செல்லுங்கள். மிளகாய்ச் சாந்தில் தோய்த்த மக்காச்சோள ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்து, மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும் பரப்பித் தரும் ‘என்சிலாதாஸ் மினேராஸ்’ இவ்வூரின் உணவு. கோழி சேர்ப்பதும் உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாலைப் பொழுதை எப்படிக் கழிக்கலாம்?

பதில்: 1903-இல் திறக்கப்பட்ட ஹுவாரெஸ் அரங்கின் பின்புறமிருந்து இழுவை ரயிலில் பீப்பிலா சிலைக்கு ஏறி ஊரைப் பாருங்கள். இறங்கியபின், பழைய ஸ்பானிய மாணவர் உடையில் பாடிக்கொண்டே சந்துகளுக்குள் அழைத்துச் செல்லும் இசைக்குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். எதிரெதிர் பால்கனிகள் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் குறுகலான முத்தச் சந்தில் வரிசை நீளமாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். அக்டோபரில் வருவதானால், 1972 முதல் நடந்துவரும் செர்வாந்தினோ கலைவிழாவுக்கு ஊரே நிரம்பிவிடும். தங்கும் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.