வாசகர் கேள்வி: கொம்பு மான் படம் போட்ட விதைப் பை

பென்சில்வேனியா வாசகர்: மலையடிவாரத்தில் 14 ஏக்கர் வாங்கியிருக்கிறேன். வேட்டை உரிமமும் எடுத்தாகிவிட்டது. காட்டுக்கு நடுவே முக்கால் ஏக்கர் வெட்டவெளி. மான் வர என்ன விதைப்பது? கடையில் பத்து விதக் கலவைப் பைகள், எல்லாவற்றிலும் பெரிய கொம்பு மான் படம்.

பையை அப்புறம் பார்ப்போம். நீங்கள் எந்த மாதம் காத்திருந்து உட்காரப் போகிறீர்கள்? அதை எழுதவே இல்லையே. வில் வேட்டை என்றால் அக்டோபர். ரைஃபிள் என்றால் நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த சனிக்கிழமை தொடக்கம் (2019-க்கு முன்பு திங்கள்). அக்டோபரில் மான் விரும்பித் தின்னும் குளோவர் (மூன்று இலைத் தீவனச் செடி), டிசம்பர் குளிரில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். ரைஃபிள் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் மண் பரிசோதனை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு மண் அனுப்பினால் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; குறைந்தால் புளிப்பு அதிகம்) எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். தஞ்சாவூர்க்காரனுக்கு மண்ணைப் பற்றி எவன் சொல்வது என்று முதல் வருடம் நான் அதைச் செய்யவில்லை. குளோவர் முளைத்தது, ஒரு விரல் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது, ஜூலையில் புல் மூடிவிட்டது. பிறகு பார்த்தால் பிஎச் 5.3. குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும். சுண்ணாம்பு வேலை செய்யப் பல மாதம் பிடிக்கும், அதனால் இன்றே போட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் பாதி நிலத்தில் டர்னிப், முள்ளங்கி, ரேப் (கடுகு இனத் தீவனச் செடி). சன்ன விதை, கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக்கூடாது. உறைபனி விழுந்ததும் இலையில் இனிப்பு ஏறும், மான் அப்போதுதான் திரும்பிப் பார்க்கும். பழகாத மான் அதையும் செய்யாது. என் நிலத்தில் முதல் வருடம் டர்னிப்பை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறு வருடம் ஜனவரியில் பனியைக் காலால் தோண்டிக் கிழங்கைக் கடித்துப் போயிருந்தன.

மீதிப் பாதியில் ஆகஸ்ட் கடைசியில் ரை தானியமும் கொஞ்சம் ஓட்ஸும். ஓட்ஸ் கடும் குளிரில் செத்துவிடும், ரை பனிக்கடியிலும் பச்சையாக இருக்கும். மண் சுமாராக இருந்தாலும் முளைக்கும். கடையில் ‘ரைகிராஸ்’ என்று ஒன்றை மலிவாக நீட்டுவார்கள். அது வேறு, புல். வாங்கினால் களை எடுத்தே மாளாது. மார்ச்சில் அந்த ரைக்குள்ளேயே வெள்ளைக் குளோவரைத் தூவிவிடுங்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் வெடித்து விதையை உள்ளே வாங்கிக்கொள்ளும், உழவே வேண்டாம்.

நாலடி அகலத்தில் ஒரு கம்பிவலைக் கூண்டை நடுவில் நட்டு வையுங்கள். என்னுடையதில் மான் வாய் எட்டாத உள்ளே பயிர் முழங்கால் உயரம், வெளியே கணுக்கால் உயரம். மான் வருகிறதா என்ற சந்தேகம் அன்றோடு போயிற்று. ஆனால் வெள்ளை ஓக் கொட்டை கொட்டும் வருடம் நீங்கள் என்ன விதைத்தாலும் வீண்தான், மான் மரத்தடியில் நிற்கும். அந்த வருடம் நீங்களும் மரத்தடிக்குப் போங்கள்.

ஒன்று, மக்காச்சோளத்தை மூட்டையாக வாங்கிக் கொட்டிவிடாதீர்கள். பயிராக நிற்பது வேறு, இரையாகக் கொட்டுவது வேறு; இரண்டாவது உங்கள் மாநிலத்தில் பெரும்பாலான இடங்களில் சட்ட விரோதம். ஒரே குவியலில் வாய் வைக்கும் மான்களுக்கு நோய் தொற்றுவதும் சுலபம்.

ஜார்ஜியா வாசகர்: இங்கே எல்லாரும் ‘லேப்லேப்’ விதைக்கச் சொல்கிறார்கள். அது என்ன புதுப் பயிர்?

புதுசா? நம் மொச்சைதான் ஐயா! பையைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்திலேயே ‘அயர்ன் கிளே’ என்ற பெயரில் தட்டைப்பயறும் இருந்திருக்குமே? உங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டும் பொருத்தம். மண் நன்றாகச் சூடேறியபின் மே மாதம் விதையுங்கள், ரைசோபியம் (பயறு வேரில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர்) கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். நிலம் சின்னது என்றால் முதல் ஒரு மாதம் மின்வேலி போடுங்கள், இல்லையென்றால் இரண்டு இலை விட்டதுமே மான் மொட்டையடித்துவிடும். முதல் உறைபனியோடு கதை முடிந்தது, அதனால் இது செப்டம்பர் வில் வேட்டைக்குத்தான். மருந்துப் பூச்சுப் போட்ட விதையாக இருக்கும், மிச்சத்தை வீட்டில் குழம்பு வைத்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.