வெறும் பாத்திரம்

அன்புள்ள அண்ணா,

ஆறு வருஷம் கழித்து இந்தப் பொங்கலுக்குத் தக்கலை பக்கம் எங்கள் குடும்ப வீட்டுக்குப் போயிருந்தேன். 23 பேர் கூடிவிட்டோம். முற்றத்தில் பால் பொங்கியதும் பெண்கள் குரவையிட்டார்கள். மதியம் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆபீஸில் நாங்கள் செய்வதுபோல, சாப்பிடும் முன் ஆளுக்கு ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்வோம் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. "பப்படம் நமத்துப் போகும், சாப்பிடுலே" என்றார் சித்தப்பா. ஊருக்குக் கிளம்பும்போது சித்தி ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் தந்தார். "ரொம்ப தேங்க்ஸ் சித்தி" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகையிலேயே நமக்கு நன்றி சொல்லவும் வாங்கவும் தெரியவில்லையே, ஏன்? சின்னப் பிள்ளைகள் முழு நேரமும் போனில் இருந்ததும் வருத்தம். இன்னொன்று, எங்கள் வீட்டில் ஓணமும் உண்டு. என் மனைவி மதுரைக்காரி. அது கேரளப் பண்டிகை அல்லவா என்கிறாள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு தூக்குவாளியைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு இறங்கியிருந்தேன். அந்தத் தூசி கையில் இருக்கும்போதே முந்திரிக்கொத்து டப்பாவைப் பற்றிப் படித்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் சில்லறை விஷயங்கள். போனை விடுங்கள். என் சின்ன வயதில் பண்டிகை மதியம் பெரியவர்கள் சீட்டு ஆடினார்கள், யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. ஓணம்: 1956 நவம்பர் 1 அன்று நம்முடைய குமரித் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தபோது, அடைப்பிரதமன் பாயாசத்தை எல்லையில் இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஓணம் வரும் ஆவணியில் உங்கள் மனைவியைத் தோவாளைப் பூச்சந்தைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தைச் சந்தை சொல்லிக்கொள்ளும்.

ஆனால் 'அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. இதைக் காலண்டரில் படித்தீர்களா? தை ஒன்றாம் தேதி உங்கள் ஊர் வயலில் என்ன நின்றது என்று பார்த்தீர்களா? வயல் இருந்த இடத்தில் இப்போது ரப்பரோ வீடோ இருக்கலாம், அது வேறு விஷயம். நம்மூரில் நெல் போகத்துக்குப் பூ என்று பெயர், அது இரண்டு. கன்னிப்பூ புரட்டாசியில் அறுப்பு, கும்பப்பூ மாசியில். வயலுக்குத் தண்ணீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து. ஜூன் 1 திறந்து பிப்ரவரி 28 அடைப்பது வழக்கம். தை பிறக்கும்போது கும்பப்பூ இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டு நிற்கும். ஒரு காற்று அடித்தால் எல்லாம் சாய்ந்துவிடும். அந்தப் பயத்தோடுதான், புரட்டாசியில் பத்தாயத்துக்கு வந்த நெல்லைக் குத்திப் பொங்கலிட்டார்கள். வந்ததற்கு நன்றியும் வரப்போவதற்குக் கடனும் ஒரே பானையில். புதுக்கதிர் வாங்குவதற்கு இங்கே தனியாக ஒரு நாள் உண்டு, ஆடியில். நிறைபுத்தரிசி அன்று சுசீந்திரம் கோயிலில் தரும் கதிரைக் கொண்டுவந்து வீட்டு நிலையில் கட்டுவார்கள். உங்கள் வீட்டு நிலையிலும் காய்ந்துபோய் ஒன்று தொங்கியிருக்கும். நீங்கள் இலையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன். திருக்குறளில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நல்லது. அதை அறிந்திருப்பது நம் வேலை. 'நன்றி சொல்லுதல்' என்று அதில் ஓர் அதிகாரம் கிடையாது. நீங்களோ ஆறு வருஷம் கழித்து வந்து, வெந்த சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது, 23 பேரை வாய் திறந்து ஒப்பிக்கச் சொல்கிறீர்கள். உங்கள் சித்தப்பா பொறுமைசாலி. ஒன்று கேட்கிறேன். பால் பொங்கியதை எழுதியிருக்கிறீர்கள், குரவையை எழுதியிருக்கிறீர்கள், வரிசையாக இலை போட்டதை எழுதியிருக்கிறீர்கள். சித்தி எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவியல் மிச்சம் இருந்ததா? இதற்குப் பதில் தெரிந்திருந்தால் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லியிருக்க வேண்டாம், எழுந்துபோய் ஒரு கரண்டி பிடித்திருப்பீர்கள்.

கோபப்படாதீர்கள். நெஞ்சு நிறைந்தது பொய் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் உண்டு, ரொம்ப நாளாக. நம் வீடுகளில் நன்றியைக் கெடுத்தது போனும் இல்லை, நகரமும் இல்லை. திருப்பித் தர வேண்டாத டப்பா. சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஒன்று வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று ஒரு முறை இருந்தது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசி, ஒரு கல் உப்பு. அதனால் கணக்கு ஒருநாளும் நேராகாது. எப்போதும் ஏதாவது ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குக் கடன்பட்டிருக்கும். கூடியிருப்பது என்றால் அதுதான், ஒரே நாளில் ஒரே முற்றத்தில் நின்று போட்டோ எடுப்பது இல்லை. இப்போது ஐஸ்கிரீம் டப்பாவில், ஹோட்டல் பார்சல் டப்பாவில் பாயாசம் வருகிறது. "டப்பா வேண்டாம்க்கா, தூரப் போட்டிருங்கோ." சரி, போட்டாயிற்று. திரும்பிப் போக ஒன்றும் இல்லை. கை சும்மா இருப்பதால் வாய் தேங்க்ஸ் சொல்கிறது. என் வீட்டில் இதைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பரணில் ஏற்றிய தூக்குவாளி எங்களுடையது இல்லை. மேலவீட்டுப் பெரியம்மையுடையது, பெரியம்மாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதன் அடியில் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது விளிம்போடு வளைந்து போயிருக்கும். நான் பிறந்தபோது அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். பெரியம்மைக்கும் கைப்பிள்ளை. அவள்தான் இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். எனக்கு எட்டு வயதில், மடைத் தண்ணீர் விஷயமாக இரண்டு வீட்டு ஆண்களும் வெட்டுக்குத்து அளவுக்குப் போய், பேச்சுவார்த்தை நின்றது. நிற்கும்போது அந்தத் தூக்குவாளி எங்கள் அடுக்களையில் மாட்டிக்கொண்டது. வெறுமனே கொடுக்கக்கூடாது. பேச்சு இல்லாத வீட்டுக்கு நிறைத்தும் கொடுக்க முடியாது. அந்தப் பொங்கலுக்கு அம்மா அதில் சர்க்கரைப் பொங்கல் போட்டு, என் கையில் கொடுத்து, இடைச்சுவர் மேல் வைத்துவிட்டு ஓடிவரச் சொன்னாள். ஆவணியில் அதே சுவரில் அதே வாளி, உள்ளே பிரதமன். பெரியம்மை அதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம், அவள் வாளிதானே. வைத்துக்கொள்ளவில்லை. பதினொரு வருஷம் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. பொங்கலுக்கு எங்கள் முறை, ஓணத்துக்கு அவர்கள் முறை. சண்டை போட்டவர்கள் போய்ச் சேர்ந்து, பேச்சு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அம்மா ஒருநாளும் அவளிடம் பால் கொடுத்ததைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

பெரியம்மை போய் இது இரண்டாவது பொங்கல். போன வருஷம் துக்கம், வாளி எங்களிடம் இருந்தது. இந்த வருஷம் அம்மா நிறைத்துத் தந்தாள், நாகர்கோவிலில் பெரியம்மையின் மகன் பிளாட்டுக்குக் கொண்டுபோனேன். சந்தோஷமாக வாங்கினான். உள்ளே போய்ப் பொங்கலை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, வாளியை நன்றாகக் கழுவித் துடைத்து, லிப்ட் வரை வந்து கையில் கொடுத்தான்.

"தேங்க்ஸ் அண்ணே."

அது அவன் அம்மாவின் வாளி என்று சொல்ல நினைத்தேன். லிப்ட் வந்துவிட்டது. வீட்டில் அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடிவைத்தாள். இரண்டு நாள் அது திண்ணையிலேயே இருந்தது, அப்புறம்தான் நான் பரணில் ஏற்றினேன்.

உங்கள் சித்தியின் முகம் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். அந்த எவர்சில்வர் டப்பா இப்போது எங்கே? கவிழ்த்து, அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள்.